மாமனார் வண்டியின் நம்பர்

"மூணா, எட்டா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி, ஷெட் வாசலில் நின்றபடி.

கண்ணாடிக்கடைக்காரர் தன் மாமனாரின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே இரும்பில் அடித்திருந்த நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தாயிற்று. கடைசி எண் பளிச்சென்று மூன்று. இன்னும் ரெண்டு தேய் தேய்த்தார். மூன்றின் வாய் மூடிக்கொண்டது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் கூசாமல் சொன்னார்: "எட்டு."

மாமனார் விட்டுப்போன சொத்து இந்தக் கிழட்டு வண்டி ஒன்றுதான். வண்டிப் புத்தகமும் நம்பர் பலகையும் என்றோ தொலைந்துவிட்டன. நம்பரைக் கண்டுபிடித்துத் தன் பேருக்கு மாற்றியே தீருவேன் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள். பேர் மாற்றுவது எதற்கு? விற்பதற்குத்தான், வேறெதற்கு? இவருக்கோ அந்த வண்டி உயிர். ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம். கடையடைத்து வந்ததும் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே டுபுடுபுவென்று கொஞ்ச தூரம் போய்வந்தால்தான் சோறு இறங்கும். "விற்காதே" என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாம். சொல்லிவிட்டு அப்புறம் வீட்டில் யார் குடியிருப்பது?

மறுநாள் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்வந்த மனைவி பையை நாற்காலியில் எறிந்தாள். முழங்கையில் பிளாஸ்திரி.

"அது ரோடு ரோலர் நம்பராம். உங்கப்பா ரோடு ரோலர்லயா வேலைக்குப் போனார்னு சிரிக்கிறாங்க. ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க, உங்களுக்கு மூணு தெரியல."

"சரி, நமக்கு அமையல. விட்டுடேன்."

"ஏன் விடணும்? அதிகாரியே நேர்ல வந்து பார்க்கறேன்னுட்டார்."

அவள் வெளியே போனதும் கண்ணாடிக்கடைக்காரர், கடையில் கண்ணாடிச் சட்டம் ராவுகிற அரத்தை எடுத்துவந்தார். சின்ன அரம்தான், ஆனால் பழகின கை. நம்பர் இருந்த இடம் குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

அதிகாரி வந்து தடவிப் பார்த்தார். "தேஞ்சே போயிடுச்சு போல. பரவாயில்லம்மா, என்ஜின்ல இன்னொரு நம்பர் இருக்கும். அதை வச்சு முடிச்சிடலாம். நாளைக்கு வரேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. கண்ணாடிக்கடைக்காரர் பின்வாசல் வழியாக மெக்கானிக்கை வரவழைத்தார்.

"என்ஜினைக் கழட்டிட்டு வேற எதையாவது மாட்டுப்பா."

"என்கிட்ட தண்ணி இறைக்கிற மோட்டார்தான் சார் இருக்கு."

"பார்த்தா என்ஜின் மாதிரி இருக்குமா?"

"கண்ணாடி போடாதவங்களுக்கு இருக்கும்."

"அது போதும். கழட்டினதை உருக்கிடு, என் கண்ணுலயே படக்கூடாது."

அதிகாரியோ கண்ணாடி போட்டவர். அதுவும் இவர் கடையில் வாங்கியது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, இதுல குழாய் மாட்டற ஓட்டை எதுக்கு?"

அவர் பேனாவை எடுத்தார்.

"நம்பரும் இல்ல, என்ஜினும் இல்ல. சட்டப்படி இது வண்டியே இல்லம்மா. பேர் மாத்த முடியாது, விக்க முடியாது, ரோட்டுல இறக்கவும் கூடாது. இனி யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கணம் மனசு கேட்கவில்லை. ஆனாலும் என்ன, இனி ஆயுசுக்கும் வண்டி இவருடையது. சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆசைதீரத் தடவிக்கொடுத்தார்.

வாசலில் யாரோ செருமினார்கள். சட்டைப் பையில் டிரைவிங் ஸ்கூல் என்று தைத்திருந்த ஒரு பெரியவர்.

"வாங்க, யாரைப் பார்க்கணும்?"

"வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன் சார். வீட்டம்மா நேத்து லைசென்ஸ் வாங்கிட்டாங்க. அப்பா வண்டி பேர் மாறினதும் முதல் சவாரிக்கு உங்களைத்தான் பின்னாடி உட்கார வைக்கப்போறேன்னு, விழுந்து விழுந்து கத்துக்கிட்டாங்க."