கம்பளி டீச்சர் தட்டிய தகரம்

காட்டுப்பன்றிக்குக் குளிருமே என்று கண்ணீர் விட்ட மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான் இருந்திருக்க முடியும். அவர் பூதப்பாண்டிக்கு அப்பால், மலையடிவாரத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் சொன்னார். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கம்பளி டீச்சர், அவ்வளவுதான்.

சீமையிலிருந்து வந்த பாடப்புத்தகத்தில் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. தரையெல்லாம் பனி. காட்டு உயிர்களுக்கு இரை இல்லை. கன்னம் சிவந்த பிள்ளைகள் ரொட்டித் துண்டு வைக்கிறார்கள். டிசம்பர் பிறந்ததும் டீச்சர் ஒரு பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு வகுப்புக்கு வருவார். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும்.

"பிள்ளேளா, குளிருதா?"

"வேர்க்குது டீச்சர்!"

"அது குளிர் வேர்வையாக்கும். புத்தகத்த எடுங்க."

கீரிக்குப் போர்த்தப் பழந்துணி கொண்டுவரச் சொன்ன வருஷமும் உண்டு. எங்களில் பாதிப் பேருக்கு மாற்றுத்துணியே கிடையாது. கொண்டுபோய் வைத்ததையும் ஆடு தின்றுவிட்டுப் போனது.

நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம் பன்றியின் முறை. ஆளுக்கு ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கு, அதுதான் மரவள்ளி, கொண்டுவந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பாறையில் வைக்க வேண்டும். அம்மா எனக்கு மத்தியானத்துக்கென்று தருவது அந்த ஒரு துண்டுதான். பன்றி தின்றது, நான் கிணற்றுத் தண்ணீர் குடித்தேன். பசித்த பிள்ளைகளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் பாடம் எதுவும் இல்லை.

பத்தே நாளில் பன்றிகள் குடும்பத்தோடு வரத் தொடங்கின. பாறையில் வைத்தது போதாமல், அதற்கடுத்து நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த பாட்டத் தோட்டத்தில் இறங்கின. விடிந்து பார்த்தால் பாதி மரச்சீனி குப்புறக் கிடந்தது. மறு அறுப்பு வரை எங்கள் சாப்பாடு அது.

"ஏட்டி, பன்னிக்கு விருந்து வைக்கியதுக்கா ஒன்னப் படிக்க விட்டேன்? இனி போவாண்டாம்" என்றார் அப்பா.

எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். ஓடிப்போய் டீச்சரிடம் அழுதேன். அவர் கம்பளியோடு அப்படியே தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஒங்க புத்தகத்துல பன்னி உண்டா?"

"குருவிதான் உண்டு அண்ணாச்சி."

"பின்ன பன்னிய யாரு சேத்தா?"

"நான்தான். அதுக்கும் குளிருமேன்னு..."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் குரல் இறங்கியது. "மிச்சக் கிழங்குக்கு நான் காவல் நிக்கேன். பிள்ளய மட்டும் நிறுத்தாதீங்க."

"ஒரு பன்னி உள்ள வந்தாலும் பிள்ள வராது. கேட்டேளா?"

மறுநாள் முதல் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். இருட்டியபின் அப்பா காவல். முதல் பன்றி தலையை நீட்டியபோது டீச்சர் கைகூப்பி, "பொன்னு மக்கா, போயிரு! ஒரு பிள்ளக்க படிப்பாக்கும்!" என்று கெஞ்சினார். அது அசையவில்லை. பிறகு அவர் போட்ட கூச்சலில் பன்றி மட்டுமல்ல, எங்கள் மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தை மாதம் கிழங்கு பிடுங்கும்வரை ஒரு பன்றியும் உள்ளே வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பெரியவர்களின் காதுக்குச் சேதி போயிற்று. பிள்ளைகளின் வாய்ச் சோற்றைப் பன்றிக்குப் போட்டதை ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் ஒருத்தி கூலிக்காரியைப்போல வரப்பில் தகரம் தட்டியதுதான் அவர்களுக்கு அவமானமாகப் பட்டது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தை நிறுத்தவில்லை.

அவர் புறப்பட்ட அன்று அப்பா அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துத் தக்கலை ரோடு வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு நேரத்தோட பள்ளிக்கூடத்துக்குப் போயிரு" என்றார்.

போனேன். புது டீச்சர் நல்லவர். பாடமும் நன்றாகவே சொன்னார். ஒரு மாதம் வரைக்கும் நான் அவருக்குச் சலாம் சொல்லவில்லை.