பால்கனி ஆர்க்கிட்டுக்கு அமிர்தசாமி சொன்ன தீர்ப்பு

பங்குனி மாதம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது. செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் வெறுங்கால் வைக்க முடியாத வேளை. அந்த வேளையில் அமிர்தசாமி, கைத்தெளிப்பானில் மருந்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு, தம் வீட்டு மாடி பால்கனியில் மனைவியின் ஆர்க்கிட் செடிக்கு முன்னால் நின்றார். மனைவி ராயம்மாள் வீட்டில் இல்லை. மாலைச் சிலுவைப்பாதைக்காகக் கோயிலைக் கழுவித் துடைக்கும் முறை அன்று அவருடையது. ஒருவர் தம் வீட்டுச் செடிக்கு மருந்தடிக்க மனைவி இல்லாத நேரம் பார்க்கிறார் என்றால், அந்தக் காரியத்தின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

அமிர்தசாமி செஞ்சிக் கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவர். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்தும் அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வரும் குடியானவர்கள் நெல்லோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ, நோய் கண்ட இலையைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைப்பார்கள். இப்போது பாதிப்பேர் போனில் படம் அனுப்புகிறார்கள். அவர் குரல்பதிவில் பதில் சொல்கிறார். கூலிக்கு மருந்தடித்தவன் பயிரைக் கருக்கிவிட்டான் என்று வழக்கு எழுந்தால், இரு தரப்பும் அவரிடமே இலையைக் காட்டும். குற்றம் யாருடையது, நட்டத்தை யார் ஏற்பது என்பதை அவர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். மேல்முறையீடு கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு செடியின் அடியிலை மஞ்சளாயிற்று. மகள் அருள்ஜோதி தாய்க்கு வாங்கிக் கொடுத்த செடி அது. மண்ணே இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகளில் நின்றது. வேர்கள் தொட்டிக்கு வெளியே காற்றில் நீண்டிருந்தன. அமிர்தசாமிக்கு அதுவே ஒழுங்கீனமாகப் பட்டது.

“அடியில இருக்கிற பழைய இலை பழுத்து விழறது வழக்கந்தாங்க. நீங்க கிட்ட வராதீங்க,” என்று ராயம்மாள் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

“ஊர் மல்லாட்டைக்கெல்லாம் மருந்து சொல்றவன் நானு. இது இன்னா பெரிய செடி?”

“மல்லாட்டைக்கு மண்ணு இருக்குது. இதுக்கு இல்ல.”

இன்னொன்றும் உண்டு. கடையில் இடம் போதாமல், புதிதாக வரவிருந்த தெளிப்பான் பெட்டிகளை அடுக்க அமிர்தசாமி அந்தப் பால்கனியைக் கேட்டிருந்தார். செடி இருக்கும்வரை இடம் தமது என்றார் ராயம்மாள். செடி உன் கையால் கெட்டால் இடம் எனது என்றார் அமிர்தசாமி. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆயினும் அவர் கெடுக்க எண்ணி மருந்தடிக்கவில்லை. குணமாக்கத்தான் அடித்தார். பூஞ்சைக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, ஊட்டத்துக்கு ஒரு பிடி யூரியா என்று மூன்றையும் ஒன்றாகக் கலந்து, அளவை இரட்டிப்பாக்கி, இலை நனைந்து சொட்டச் சொட்ட அடித்தார். பாறையே கொதிக்கும் வெயிலில் அடித்தார். தம்மிடம் வரும் எவரையும் அந்த நேரத்தில் அடிக்க அவர் அனுமதித்ததில்லை.

திங்கட்கிழமை காலை ராயம்மாள் அழைத்தார்.

“இன்னாங்க, இத கொஞ்சம் பாருங்க. வெள்ளிக்கிழம காலையில நல்லா இருந்துது. இப்ப பொட்டு பொட்டா கருகியிருக்குது.”

அமிர்தசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தம் கைவேலையை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போலக் குனிந்து பார்த்தார்.

“தண்ணி ஜாஸ்தி.”

“வாரத்துக்கு ஒருவாட்டிதான் ஊத்தறேன்.”

“அதான் ஜாஸ்தி.”

“நீங்க ஒண்ணும் அடிக்கலையே?”

“நானா? எனக்கு வேற வேல இல்லையா? உன் கையாலதான் கெட்டுது ராயம்மா. பேச்சு பேச்சுதான். நாளைக்குப் பெட்டி வருது. பால்கனிய காலி பண்ணிடு.”

ராயம்மாள் பதில் பேசவில்லை. மனைவி பதில் பேசாத இடத்தையெல்லாம் தம் வெற்றி என்று எண்ணிக்கொள்வது அமிர்தசாமியின் நெடுநாள் பழக்கம். அன்றும் அப்படியே எண்ணிக்கொண்டு கடைக்குப் போனார்.

ராயம்மாள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்.

“ஏன்க்கா, நேராவே கேட்டுட வேண்டியதுதான?”

“கேட்டாச்சு. முழுங்கிட்டாரு. உன் புது நம்பர் அவருக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப படம் புடி. தொட்டி விழக் கூடாது, வேரு விழக் கூடாது. கருகின எடம் மட்டும் கிட்டக்க வச்சு எடு. ‘அண்ணா, இது தண்ணி ஜாஸ்தியா ஊத்தனதால வந்துதா?’ன்னு கேளு.”

“பாவம்க்கா அவரு.”

“பாவந்தான். அனுப்பு.”

படம் வந்தபோது கடையில் கூட்டம் இருந்தது. அமிர்தசாமி போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். அருகில் உரமூட்டைமேல் அமர்ந்திருந்த பழைய வாடிக்கைக்காரர் அரங்கநாதன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா பயிருண்ணே?”

“வாழக்கன்னு மாதிரி இருக்குது. எதுவா இருந்தா இன்னா? நமக்கு இலைதான் சாட்சி.”

குரல்பதிவை அழுத்தினார். கடை முழுவதும் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினார்.

“தண்ணி ஜாஸ்தியானா வேரு அழுவும், இலை தொவண்டு சுருங்கும். இப்படிப் பொட்டு பொட்டா கருகாதும்மா. இது நோவும் இல்ல. நோவா இருந்தா பொட்டச் சுத்தி மஞ்ச வளையம் கட்டும், நாளுக்கு நாள் பரவும். இது மருந்து சுட்டது. சொட்டு தேங்கின நுனியில ஜாஸ்தியா இருக்குது பாரு. எவனோ வெவரம் இல்லாதவன் உச்சி வெயில்ல டபுள் டோஸ் அடிச்சிருக்கான். இனிமே அவன அந்தப் பக்கம் காலே வைக்க உடாத. நட்டத்த அவன் கிட்டயே வாங்கு. இல்லன்னு சொன்னா நான் சொன்னேன்னு சொல்லு.”

அரங்கநாதன் தலையசைத்தார். “நல்ல தீர்ப்புண்ணே.”

மறுநாள் மாலை அமிர்தசாமி முதல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறினார். பால்கனியில் செடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அருகே நாற்காலியில் ராயம்மாள் இருந்தார். அவர் கையில் ஜெயக்கொடியின் போன் இருந்தது.

“இன்னும் காலி பண்ணலையா?”

“இத கேட்டுட்டு பண்றேங்க.”

போனிலிருந்து அமிர்தசாமியின் குரல் எழுந்தது. முதல் வாக்கியத்துக்கு அவர் தம்மையறியாமல் தலையசைத்தார். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. மஞ்சள் வளையத்தில் தலையசைப்பு நின்றது. உச்சி வெயிலுக்கு வந்தபோது தோளிலிருந்த பெட்டி கனக்கத் தொடங்கியது.

“அது யாரோ வாழக்கன்னுக்கு...”

“இந்த இலைதாங்க.”

“பொதுவா சொன்னது ராயம்மா.”

“அப்ப இந்த இலைக்கு அந்தத் தீர்ப்பு செல்லாதான்னு கடையில வந்து கேக்கட்டுமா? அரங்கநாதன் அண்ணன் கூட இருந்தாராமே.”

“அதெல்லாம் வேணாம்.”

“இல்லன்னா நீங்களே சொல்லுங்க. தப்பா சொல்லிட்டீங்களா?”

அமிர்தசாமி யோசித்தார். தவறு என்றால் கடை போயிற்று. சரி என்றால் பால்கனி போயிற்று. கடையால்தான் சோறு.

“நான் இலை பாத்து இதுவரைக்கும் தப்பா சொன்னதில்ல,” என்றார், மிகுந்த துயரத்தோடு.

“எனக்கும் தெரியுங்க. அதான் அனுப்பினேன். சரி, அந்தக் கால எடுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் வாசற்படியைத் தாண்டிப் பால்கனிக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டார்.

செடி சாகவில்லை, கருகிய பகுதிகளை ராயம்மாள் வெட்டிவிட்டார், நடுவிலிருந்து புதிய இலை ஒன்று தலைகாட்டியது. வெயிலை மறைக்கும் பச்சை வலைக்கும், துணைக்கு வந்த இன்னொரு ஆர்க்கிட்டுக்கும் உரிய பணத்தை அமிர்தசாமி குருத்து ஞாயிறன்று பூசை முடிந்த கையோடு கொடுத்தார். ஜெயக்கொடியின் போனுக்கு அந்த மாத ரீசார்ஜையும் அவரே போட்டார். தெளிப்பான் பெட்டிகளுக்காகப் பேருந்து நிலையத்தருகே எடுத்த அறைக்கு மாதந்தோறும் ஐந்தாம் தேதி வாடகை கொடுத்துவருகிறார். ராயம்மாள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இலை பார்த்துச் சொல்வதற்கு அமிர்தசாமி எவரிடமும் காசு வாங்குவதில்லை.