மயக்க மருந்தும் மச்சானும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் வயிற்றுத் தையலும் சௌக்கியம். தங்கள் மூட்டுவலி சௌக்கியமா?

இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தங்களிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கவே இந்தக் கடிதம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில், மயக்கம் தெளியும்போது நோயாளி ‘அப்ஸ்ட்ரெபரஸ்’ ஆக இருந்தார் என்று எழுதியிருக்கிறது. அகராதியைப் புரட்டினேன். கூச்சல் போட்டு, யாருக்கும் அடங்காமல் ஆர்ப்பாட்டம் செய்வதாம். உதாரணத்துக்குக் குடிகாரர்களைப் போட்டிருக்கிறார்கள். நானோ நூலகத்தில் முப்பத்தோரு வருடம், ‘சத்தம் போடாதீர்கள்’ என்பதைக்கூட வாயால் சொல்லாமல் பலகையைக் காட்டியே காலம் தள்ளியவன்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். தாங்கள் வந்தால் உட்காரும் என் சாய்வு நாற்காலி, என்னையும் தூக்கிக்கிட்டு ஜன்னல் வழியா கிளம்பி, தெருவுக்கு மேலே மெதுவா மிதந்து போச்சு. கீழே மொட்டை மாடியெல்லாம் துணி காயுது, ஒரு சத்தம் இல்லை. நானும் காய்ஞ்ச துணி மாதிரி லேசா இருந்தேன். அப்படியே போயிருப்பேன். யாரோ பக்கத்துல வந்து, “கொஞ்சம் எந்திரிங்க”ன்னாங்க. நாற்காலி கனத்துப் போச்சு. கண்ணு முழிச்சா நாலு பேர் என் கையைக் காலைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. என்ன கத்தினேன்னு நர்ஸைக் கேட்டா வாயைப் பொத்திக்கிட்டுப் போறாங்க. உங்க தங்கச்சியைக் கேட்டா, “ஒண்ணுமில்ல, பேசாம மாத்திரையைப் போடுங்க”ங்கறா. மூணு நாளா தூக்கமா முழிப்பான்னு தெரியாம படுத்துக்கிட்டு அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். வெக்கமா இருக்கு மச்சான். கொஞ்சம் சந்தோஷமாவும் இருக்கு. ஒரு தடவை கத்தினாலே அந்தப் பட்டம் உண்டா, இல்ல வழக்கமா கத்தணுமா? தயவுசெய்து ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டவும்.

வருடா வருடம் போல் அடுத்த மாதமும் வந்து நாற்பது நாள் தங்கிப் போகவும். நாற்காலி தங்களுக்காகக் காத்திருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கங்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை இதைப் படித்துச் சிரித்து, விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கட்டிலுக்கு மாற்ற வந்த டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க, “மச்சான், பதினெட்டு வருஷமாச்சு, என் நாற்காலியை விட்டு எந்திரிங்க” என்று கத்தினேனாம். மயக்கத்திலும் ‘ங்க’ போட்டிருக்கிறேன், கவனிக்கவும். வாக்கியம் கிடைத்துவிட்டதால் தாங்கள் சிரமப்பட வேண்டாம். அவசியம் வாருங்கள். தங்களுக்காக ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.