நான் பீப் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கக் கூடாது என்று நான் உறுதியாக முடிவு செய்தேன். முடிவு செய்யும்போது என் மனைவி பக்கத்தில் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் முடிவுகள் எடுப்பதில்லை.

காரணத்தைச் சொன்னால் நீங்களே என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். அன்றைக்குக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். பக்கத்துத் தையற்கடைக்காரர் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டியிருந்தார். எனக்கென்று ஒரு நாற்காலி கூட ஒதுக்கிவிட்டார். நாங்கள் வைத்திருப்பது சோப்பு, சீப்பு, பேட்டரி, பினாயில் விற்கிற கடை. அதற்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரு ஞாயிறு கூட லீவு கிடைத்ததில்லை. கல்யாணமே ஒரு புதன்கிழமைதான் நடந்தது. அன்றைக்குத்தான் கடையில் வியாபாரம் மந்தமாம்.

கேட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கேட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் கடையை மூடினா என்ன?"

"ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

"சேச்சே, இல்ல..."

"அப்ப எதுக்கு மூடணும்?"

சொந்தபந்தம் எல்லாரும் நலமாக இருப்பதை நினைத்து முதல் தடவையாக வருத்தப்பட்டேன். அப்போதுதான் பில் மேஜை மேல் இருந்த ஸ்கேனர் கண்ணில் பட்டது. மனிதர்தான் சாக வேண்டும் என்று சட்டம் இல்லையே.

ஸ்கேனர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாமானில் இருக்கும் கோடுகளுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் விழும், பீப் என்று கத்தும், விலை கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஆனால் அதற்குப் புத்தி சொல்லப் பட்டன் எதுவும் கிடையாது. கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கோடுகள்தான். ஒவ்வொன்றும் ஓர் உத்தரவு. 'சத்தத்தைக் கூட்டு' என்ற கோட்டைக் காட்டினால் கூட்டும். 'படித்ததும் அடுத்த வரிக்குப் போ' என்ற கோட்டைக் காட்டினால் போகும். பக்கத்துக் கோடு அதன் கண்ணில் பட்டுவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது. எங்கள் வீட்டில் அந்த உத்தியோகத்தை அதுவரை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பழக்கியவனும் நானே. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். முடிந்ததும் "பரவாயில்லையே" என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு மேல் விருது கிடையாது.

அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு கோடு இருந்தது. 'சாமான் கோடு எதையும் படிக்காதே.' அதற்கு நேர் கீழே இன்னொன்று. 'பழைய நிலைக்குத் திரும்பு.' ஒன்று விஷம், ஒன்று மருந்து. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தவன் நிச்சயம் கல்யாணமானவனாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சரக்கு அறைக்குள் போனாள். நான் மருந்தை மூடிக்கொண்டு விஷத்தைக் காட்டினேன். பீப் என்றது. பிறகு ஒரு சோப்பைக் காட்டினேன். மூச்சில்லை. நாளைக்கு மிஷின் வேலை செய்யாது, கடையை மூடுவாள், நான் ஆட்டம் பார்ப்பேன், திரும்பி வந்து மருந்தைக் காட்டி இன்னொரு 'பரவாயில்லையே' வாங்குவேன். என் மூளையை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை எதிர்பார்த்த குரல் வந்தது.

"என்னங்க, இது படிக்க மாட்டேங்குது."

கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த சோகத்தை மாட்டிக்கொண்டு போனேன். "அடடா, போயிடுச்சு போல."

"ஒரே வாரத்துலயா?"

"மனுஷனுக்கே கேரண்டி இல்ல. பில் போட முடியாம கடையைத் திறந்து வெச்சு என்ன பண்றது? மூடிட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் ஒரு சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கோட்டுக்குக் கீழயே நம்பர் போட்டிருக்கே."

"எங்க?"

"இதோ. நீங்க படிங்க, நான் அடிக்கறேன்."

பொடிப்பொடியாக எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வரிசையில் ஆள் சேர ஆரம்பித்தது.

"முடிஞ்சுதா இல்லையானே தெரியல. முடிஞ்சதும் ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"அது என்ன சொல்லும்? பீப்தானே? அதையே சொல்லுங்க. எனக்கு அது பழகிடுச்சு."

"எட்டு, ஒண்ணு, ஜீரோ, அஞ்சு... பீப்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. கடைசில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"பீப்!"

"அவ்ளோ வேண்டாம். கொழந்தை அழுவுது பாருங்க."

கூட்டலும் குறைத்தலுமாக என் தொண்டையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். புத்தகம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வரிசையில் நின்ற பள்ளிக்கூட டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாயால படிக்குதே. புது மாடலா?"

"பழைய மாடல்தான் மிஸ். வீட்ல சும்மா கிடந்துச்சு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் காரணம் கேட்பார்களே.

பத்து மணிக்குப் பக்கத்துக் கடையில் ஆட்டம் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் "ஆறு!" என்று கூச்சல். என் வாயிலும் ஆறு என்று வந்துவிட்டது. சோப்பில் இருந்தது மூன்று. 'அப்படி ஒரு பொருளே இல்லை' என்றது கம்ப்யூட்டர். சோப்பு என் கையில் இருக்கிறது, வாசனை கூட வருகிறது. கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. மனைவி கம்ப்யூட்டர் கட்சி.

"ஒழுங்காப் படிங்க. அந்த மிஷின் ஒரு நாளாவது தப்பாப் படிச்சிருக்கா?"

"அதுக்குப் பக்கத்துக் கடையில டிவி இல்லையே."

"என்னது?"

"நாலு, ரெண்டு, பீப்னு சொன்னேன்."

மத்தியானம் அவளுக்கு ஒரு போன் வந்தது. "ஆமாங்க, இன்னிக்குத்தான் பாத்துட்டு இருக்கேன்... கொஞ்சம் மெதுவாத்தான் படிக்குது... அடிக்கடி தண்ணி குடிக்குது... சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்." அவள் எதை விற்கிறாள், எதை வாங்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. என் கையில் அப்போது பன்னிரண்டு பல் துலக்கும் பிரஷ் இருந்தது, எல்லாம் வேறு வேறு நிறம், வேறு வேறு நம்பர்.

ஐந்து மணிக்கு என் தொண்டை கைவிட்டுவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரே விசில். ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இப்போது ஓடினால் கூடக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மானத்தை மூட்டை கட்டி வைத்தேன்.

"அந்த மிஷினைக் குடு. எனக்கு ஒரு யோசனை தோணுது."

"நோண்டாதீங்க, இன்னும் கெட்டுடும்."

"கொஞ்சம் நம்பு."

புத்தகத்தைத் திறந்தேன். விஷத்தை உள்ளங்கையால் மூடினேன். மருந்தைக் காட்டினேன். பீப். 'அடுத்த வரிக்குப் போ'வைக் காட்டினேன். பீப். கடைசியாகச் சோப்பு. பீப்! விலை டாண் என்று ஏறியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் விருதுக்காகக் காத்திருந்தேன்.

"புத்தகத்தைப் புரட்டவே இல்லையே. திறந்ததும் சரியா அந்தப் பக்கம் வந்துடுச்சே?"

"அது... ஒரு யூகம்தான்."

"ம்."

இவ்வளவு சின்ன எழுத்தில் இவ்வளவு விஷயத்தை அடைக்க அவளால் மட்டும்தான் முடியும். நான் வாசலைப் பார்த்து நகர்ந்தேன். "சரி, இனிமே மிஷின் பாத்துக்கும். நான் பக்கத்துக் கடை வரைக்கும்..."

அவள் ஸ்கேனரின் ஒயரைக் கழற்றி, அழகாகச் சுற்றி, புத்தகத்தோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"திருப்பி அனுப்பறேன். வேண்டாம்னா ரெண்டு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். மத்தியானம் வித்தவர்தான் பேசினாரு. ஆனா ஓடற நிலையில இருந்தாத்தான் எடுத்துப்பாராம். காலைலேருந்து எனக்கு அதே கவலை. நல்ல வேளை, நீங்களே சரி பண்ணிக் குடுத்துட்டீங்க."

"நல்லா ஓடற மிஷினை எதுக்கும்மா திருப்பணும்?"

அவள் பெட்டியை டேப் போட்டு ஒட்டினாள். அடுத்து நின்றவரிடமிருந்து பினாயில் பாட்டிலை வாங்கி என் கையில் திணித்தாள்.

"ம், படிங்க."