112ஆம் பக்கத்து மௌனம்

பாரிஸ் நகரில், 1925ஆம் ஆண்டில், உலக இலக்கியத்தின் தலையெழுத்தை நிர்ணயித்தது எங்கள் காப்பிக்கடையின் ஜன்னலோர மேசைதான். 'நாளை மறுநாள்' ஏட்டின் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

மேசையில் இரு மேதைகள். புதுக்கவிதையின் பிதா பார்பே. அதற்கும் முந்திய பிதா லுகார். இருவருக்கும் ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். காரணம், ஒடில் என்ற தையற்காரி எழுதிய முதல் நாவல். அதன் 112ஆம் பக்கத்தில் 'நவீன மௌனம்' உறைந்திருப்பதாகப் பார்பே எழுதினார். அந்த மௌனம் போதாது என்று லுகார் எழுதினார். பத்துக் கட்டுரைகள், ஒரு செருப்படி மிரட்டல். இலக்கியம் வளர்ந்தது.

ஒரு செவ்வாய் மதியம் ஒடிலே வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க ரெண்டு பேரும் ஒரே முடிவு சொன்னாத்தான் பதிப்பாளர் என் அடுத்த நாவலைப் போடுவாராம். இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா எனக்கு மறுபடி தையல் மெஷின்தான்."

"மௌனம் அபாரம், அம்மா!" என்றார் பார்பே.

லுகார் என் பக்கம் திரும்பினார். "செயலாளரே, அந்த ஆளுகிட்ட சொல்லும், அது அரைவேக்காட்டு மௌனம்னு."

ஒடில் விழித்தாள். "112லயா? அங்க கல்யாண வீட்டுல நாற்காலியைத் தூக்கி அடிச்சுக்கறாங்களே! மௌனம் எங்கேருந்து வந்துது?"

மேதைகள் முன்னால் கிடந்த இரு பிரதிகளையும் எடுத்துப் பார்த்தாள். எங்கள் ஊரில் புத்தகம் தாள் மடிப்போடுதான் விற்பனைக்கு வரும். வாங்கியவர் கத்தியால் மடிப்பை அறுத்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் ஒரு மடிப்புகூட அறுபடவில்லை.

"அடப் பாவிகளா! பிரிக்கவே இல்லியே!"

பார்பேயும் லுகாரும் ஏழு மாதத்தில் முதன்முறையாக ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யோவ் லுகார், விமர்சகனோட பிரதியை எழுதினவளே சோதனை போடறதா? அநியாயமா இல்ல?"

"வாஸ்தவம்யா பார்பே. படிச்சா நடுநிலை கெட்டுடாதா?"

பகை தீர்ந்தது. கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஒடில் கேட்டபடியே ஒரே முடிவும் கிடைத்தது: 'மேற்படி நாவல் நவீனமற்றது.' தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி அன்றே பதிப்பாளருக்குப் போனது. மறுவாரம் அவள் தையலுக்குத் திரும்பினாள்.

எழுதத் தெரிந்த ஒருத்தியை நிறுத்த, படிக்காத மேதைகள் இருவர் மட்டும் போதாது. அவள் நாவலைக் கடைசிப் பக்கம்வரை படித்து, இரண்டு இடத்தில் கண்கலங்கி, பிறகு அந்தத் தீர்மானத்தை அழகான கையெழுத்தில் படியெடுத்துத் தர ஒரு செயலாளனும் வேண்டும்.