ஆள் நடமாட்டமற்ற பள்ளத்தாக்கு

கடலூர் மாவட்டத்தில் சூரியன் தினமும் உதிக்கிறது. இதற்காக அது எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தில் இளநிலை உதவியாளர் இளவரசு தலையிட்டான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறோம்.

இளவரசுவுக்கு வேலை கடலூரில், மாவட்ட இயற்கைக் காட்சி ஊக்குவிப்பு அலுவலகத்தில். குடியிருப்பு சிதம்பரத்தில். மனைவி கயல்விழி அங்கே டீச்சர். ஆறு வருஷமாக இருட்டில் பஸ் ஏறி இருட்டில் பஸ் இறங்கி, பெற்ற மகளைத் தூங்கும்போது மட்டும் பார்க்கிற தகப்பனாகக் காலம் தள்ளினான். சிதம்பரம் கிளையில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. மாறுதல் கேட்டு நான்கு மனு கொடுத்தான். நான்கும் பரிசீலனையில் இருந்தன. பரிசீலனை என்பது நம் அலுவலகங்களில் பீரோவின் மேல் தட்டைக் குறிக்கும்.

மனசு ஆறட்டும் என்று ஒரு கேமரா வாங்கினான். வாங்கினவன் மகளை எடுத்திருக்கலாம், பூனையை எடுத்திருக்கலாம். ஊரில் எல்லாரும் கலைஞர்களாகிவிட்ட காலத்தில் தான் மட்டும் குமாஸ்தாவாக இருப்பதா என்று அவனுக்கு ரோஷம்.

மாமனார் ஊர் நெல்லிக்குப்பம் தாண்டி. ஊரை ஒட்டி ஒரு பெரிய செம்மண் பள்ளம். லாரிக்காரர்கள் தோண்டியது பாதி, மழை அறுத்தது மீதி. முகடும் பிளவுமாக, எங்கோ வடக்கத்திப் பாலைவனத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். அதன் விளிம்பிலேயே மங்கலம் என்கிற அம்மாளின் டீக்கடை. கடையும் செல்போன் டவரும் விழாமல் கோணம் பார்த்து ஒரு படம் எடுத்தான். ‘மனிதக் காலடி படாத பாலைவனப் பள்ளத்தாக்கு. எங்கே என்று கேட்காதீர்கள்’ என்று எழுதி பேஸ்புக்கில் போட்டான். எடுக்கும்போது இடது கையில் மங்கலம் கடை மசால்வடை இருந்ததை எழுதவில்லை. இரண்டாயிரம் பேர் விரும்பினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மேலதிகாரி செந்தமிழ்செல்வன் கூப்பிட்டார். ஒவ்வொரு மாவட்டமும் சூரிய உதயத்துடன் கூடிய அரிய நிலக்காட்சி ஒன்றைக் காலண்டருக்கு அனுப்பவேண்டும் என்று தலைமையகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. இளவரசு எடுத்தது சாயங்காலப் படம்.

“இதையே சூரியன் வரும்போது எடுத்துக் குடுங்க. காலண்டர்ல வந்துச்சுன்னா உங்க மாறுதல் ஃபைலை நானே எடுத்துக் கையெழுத்து போடுறேன்” என்றார்.

இளவரசுவுக்குக் கேட்கவே இனித்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். “சார், அங்க பக்கத்துலயே டீக்கடை இருக்கு.”

“படத்துல இல்லியே.”

“நான்தான் சார் விழாம எடுத்தேன்.”

“படத்துல இல்லன்னா இல்லதான். தலைமையகம் படத்தைத்தான் பாக்கும், டீ குடிக்க வராது.”

ஆனால் படத்தோடு ஒரு படிவமும் போகவேண்டும். அந்த இடம் தொலைதூரமானது, வறண்டது, ஆள் நடமாட்டமற்றது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்றளிக்க வேண்டும். இளவரசு அந்த ஊர் வி.ஏ.ஓ. ராஜமாணிக்கத்திடம் போனான். அவர் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார்.

“தொலைதூரம்னா எங்கேருந்து? என் ஆபீஸ்லேருந்து கல்ல வுட்டெறிஞ்சா உழும்.”

“தலைமையகத்துலேருந்து சார்.”

“அப்டி சொல்லு. அவுங்களுக்கு நாம எல்லாருமே தொலைதூரந்தான்” என்று நிம்மதியாக எழுத ஆரம்பித்தார். சாலை வசதி இல்லை, பேருந்து வசதி இல்லை, குடிநீர் வசதி இல்லை. மூன்றாவது மட்டும் உண்மை என்பதால் அதைச் சற்று அழுத்தி எழுதினார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் இளவரசு கையெழுத்துப் போட்டான்.

குறித்த நாளில் விடிவதற்கு முன்பே இரண்டு ஜீப்பும் ஒரு வேனும் ஆள் நடமாட்டமற்ற பகுதிக்கு வந்து சேர்ந்தன. மேலதிகாரி, அவருக்குத் துணை, துணைக்குத் துணை, மூன்று துறைப் பிரதிநிதிகள், பேனர் கட்ட நான்கு பேர், எதற்கு வந்தோம் என்று தெரியாத மற்றவர்கள் என்று மொத்தம் இருபத்து மூன்று பேர். ‘ஆள் நடமாட்டமற்ற பகுதி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்றது பேனர். அடுப்புப் புகை படத்தில் விழக்கூடாது என்று மங்கலத்தைக் கடையை மூடச் சொன்னார்கள். முதலில் இருபத்து மூன்று டீ, பிறகு மூடலாம் என்று திருத்தினார்கள்.

டீயை நீட்டும்போது மங்கலம் கேட்டாள். “இன்னாத்துக்கு தம்பி இத்தினி பேரு?”

“இந்தப் பள்ளத்தைப் படம் எடுக்கணும்மா. இயற்கையோட அதிசயம்.”

“இயற்கையா? எங்க முந்திரித் தோப்பு தம்பி இது. ரெண்டு அடிதான் எடுப்போம்னு சொல்லி லாரி உட்டானுங்க. சிதம்பரத்துப் பக்கம் பிளாட்டு போடுறாங்களாம், அத்தினி மண்ணும் அங்கதான் போச்சு.”

சிதம்பரத்தில் இளவரசு வாங்கிய வீட்டு மனையும் முதலில் பள்ளமாகத்தான் இருந்தது. நல்ல செம்மண்ணாக எட்டு லோடு கொட்டி மேடாக்கியிருந்தான். எங்கிருந்து வந்த மண் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே லென்ஸைத் துடைத்தான், ஏனென்றால் கிழக்கு வெளுத்துவிட்டது.

சூரியன் வந்தது. செம்மண் முகடுகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. எந்தப் பாவத்தில் பிறந்த பள்ளமானாலும் அந்த ஐந்து நிமிஷம் அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இருபத்து மூன்று பேரும் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனித வாடையே இல்லாத ஒரு படத்தை இளவரசு எடுத்தான்.

படம் காலண்டரில் வந்தது. ‘ஒளிப்படம்: செந்தமிழ்செல்வன்’ என்று போட்டிருந்தது. போகட்டும், மனிதர் வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரமே மாறுதல் உத்தரவு வந்தது. கயல்விழி கேசரி கிளறிவிட்டுத்தான் உறையைப் பிரித்தாள்.

மாவட்டத்தில் இப்படியொரு தொலைதூரப் பகுதி கண்டறியப்பட்டுள்ளதால் அங்கு ஒரு காட்சிக் கண்காணிப்பாளர் பணியிடம் உருவாக்கப்படுகிறது. அப்பகுதியில் முன் அனுபவமுள்ள ஒரே பணியாளர் என்ற முறையில் திரு. இளவரசு உடனடியாக நியமிக்கப்படுகிறார். சாலை வசதி இல்லாததால் பயணப்படி கிடையாது.

“ஆறு வருஷமா கடலூருக்குப் போனீங்க. இப்ப எங்கப்பா ஊரையே மனுசங்க இல்லாத எடம்னு எழுதிக் குடுத்துட்டு அங்க போறீங்க” என்றாள் கயல்விழி. கேசரியை யாரும் தொடவில்லை.

இளவரசு மேலதிகாரியிடம் ஓடினான். அங்கே ரோடு இருக்கிறது, டவுன் பஸ் கூட நிற்கிறது என்று முறையிட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப சான்றிதழ் பொய்யா? பொய்த் தகவல் குடுத்து வாங்குனது யாருன்னு விசாரிக்கணுமே. விண்ணப்பதாரர் யாருப்பா?”

இளவரசு மறுநாளே பணியில் சேர்ந்தான். வேலை சுலபம். தினமும் சூரிய உதயத்தில் அந்த இடத்தைப் படம் எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதிசெய்து அனுப்ப வேண்டும்.

முதல் நாள் காலையில் போய் நின்றபோது அங்கே நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். எல்லார் கையிலும் கேமரா, இல்லாவிட்டால் போன். கல்யாணத்துக்கு முன் படம் எடுக்கப் புவனகிரியிலிருந்து ஒரு ஜோடி கூட வந்திருந்தது. இளவரசு ஒவ்வொருவரிடமும் போய், அரசாங்க வேலை, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினான்.

“சார், ஆளே இல்லாத எடம்னு காலண்டர்ல பாத்துட்டுதான் இவ்ளோ தூரம் வந்தோம். எங்கள எதுக்கு நகரச் சொல்றீங்க, மத்தவங்களச் சொல்லுங்க” என்றான் மாப்பிள்ளை. நாற்பது பேரும் இதையேதான் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் மற்ற முப்பத்தொன்பது பேர் மீதும் கோபம்.

அதற்குள் சூரியன் பாதி வந்துவிட்டது. அவன் அவசரமாகக் கேமராவைத் தூக்கினான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருங்க அது முன்னாடி? நடமாட்டமே இல்லாத எடத்துல உங்களுக்கு இன்னா வேல? தள்ளிக்குங்க, படத்துல உழுறீங்க.”

இளவரசு நகர்ந்துகொண்டான்.