இருமிய ஆடு

வெண்முகில் நாட்டில் புகை கிடையாது. அப்படித்தான் அரசாணை. எல்லையிலுள்ள கந்தகக் கோட்டையிலிருந்து மஞ்சளாக எழுவதற்கு மூடுபனி என்று பெயர்.

அந்தக் கோட்டையை என் மகன் செங்கோடன் பன்னிரண்டு ஆண்டு காத்தான், இருமலோடு திரும்பினான். எங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறையாக எவரும் நோயில் படுத்ததில்லை. பிறகு எப்படித்தான் செத்தார்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆகவே, "ராவும் பகலும் என்னங்க சத்தம்?" என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தபோது, "ஆடு" என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

செங்கோடன் இறந்தான். நோய் கோட்டைப் பணியால் வந்தது என்று மெய்ப்பித்தால் பணிக்காக அரசர் அவனுக்குத் தந்த காணி என் மருமகள் பூவாயிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தங்கும். இல்லையேல் அரசருக்குத் திரும்பும்.

விசாரணை அதிகாரி கோட்டை ஏட்டைப் புரட்டினார். "பணியில் இருமியதாகக் குறிப்பே இல்லையே?"

"இருமுனா கசையடின்னு ஆணைங்க. யாருங்க எழுதிக்குவாங்க?" என்றாள் பூவாயி.

"ஆணையை மதித்திருக்கிறார். ஆகவே இருமவில்லை. பாராட்டுகள்."

அடுத்து ஊர்ச் சாட்சிகள். பதினொரு பேர் வந்தார்கள். பதினொருவரும் யோக்கியர்கள்.

"ஆடுதானுங்க இருமுச்சு. பெரியவரே சொன்னாருங்களே!"

உடனே ஓர் ஆணை பிறந்தது: நோயுற்ற ஆட்டை ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும்.

"மாமா, நம்மூட்டுல ஆடே இல்லீங்களே," என்றாள் பூவாயி. "இப்பவாச்சும் உண்மையச் சொல்லிப்போடுங்க."

பூவாயியோடு அரசவைக்குப் போனேன். எவர் முன்னும் வளையாத முதுகை வளைத்தேன். "இருமியது என் மகன். ஆடென்றது என் கௌரவம்."

அமைச்சர் கேட்டார்: "அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வதா?"

"அன்று சொன்னது."

"பொய்யுரைத்தவர் சாட்சி செல்லாது. இந்த நொடி முதல் சட்டம். காணி அரசருக்கே."

அப்போது அரியணையில் ஓர் இருமல் எழுந்தது. இளவரசராக இருந்தபோது கோட்டையில் ஒரு மாதம் தங்கியவர் எங்கள் அரசர். வறண்ட, நீண்ட, எனக்கு நன்றாகப் பழகிய இருமல். அரச குலத்திலும் எவரும் நோயில் படுத்ததில்லை.

அமைச்சர் நிமிர்ந்து நின்றார். என்னைவிட நன்றாகவே நிமிர்ந்தார்.

"ஆடு," என்றார்.

"ஆடு, ஆடு," என்றது அவை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூவாயி குனியவில்லை.

"அப்ப அந்த ஆட்டையும் ஏழு நாள்ல ஒப்படைச்சுப்போடுங்க, சாமி," என்றாள்.